குதிரையோடு இராத்தங்கல்: யாழ்ப்பாணத்து மடங்களும் நெடுந்தீவுக் குதிரைகளும்

சேணமிட்ட குதிரையில் நாட்டுப்புறப் பாதைகளின் வழியே பகற்பொழுதைக் கழித்து, மாலையில் குதிரையும் மனிதரும் ஒரே வெளியில் தங்கி, மறுநாட்காலை பயணத்தைத் தொடரும் வழக்கம் ஐக்கிய அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் பரவலான பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இதற்கெனவே ஒதுக்கப்பட்ட முகாம் வெளிகளும் குதிரைகள் மட்டும் செல்லும் தடங்களும் அந்நாடுகளில் உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் போன்ற ஓர் ஊரில் வாழும் வாசகருக்கு இது தொலைதூரத்துச் செய்தியாகவே தோன்றக்கூடும். ஆயினும் விலங்கோடு பயணம் செய்பவர் இரவில் எங்கே தங்குவது, விலங்குக்கு நீரும் தீனியும் நிழலும் எவ்வாறு கிடைப்பது என்னும் கேள்விகளுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு மோட்டார் வாகனங்கள் வருவதற்கு முன்பே தனக்குரிய விடைகளைக் கண்டிருந்தது. அதே குடாநாட்டுக்கு அப்பால் உள்ள நெடுந்தீவில், அயலவர் கொண்டுவந்து வளர்த்துப் பின்னர் கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் திரிகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, குதிரை முகாம் என்னும் அயல்நாட்டு ஏற்பாட்டின் உட்பொருளும், அது இம்மண்ணுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதும் ஒருங்கே தெளிவாகின்றன.

குதிரையின் உடலமைப்பும் அதன் தேவைகளும்

முகாமுக்கு உரிய விதிகள் யாவும் குதிரையின் உடலமைப்பிலிருந்து பிறப்பவை என்பதால், முதலில் அதனை அறிவது நன்று. மாடு அவசரமாக மேய்ந்து, பின்னர் படுத்திருந்து அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. குதிரைக்கோ ஒற்றை இரைப்பையே உண்டு. அதுவும் உடலின் பருமனோடு ஒப்பிடும்போது சிறியது. புல்லின் நாரைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குதிரையின் பெருங்குடலிலும் அதனோடு இணைந்த குடற்பையிலும் வாழ்கின்றன. இதனால் குதிரை சிறிது சிறிதாக, நாளின் பெரும்பகுதி நேரம் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது. நீண்ட நேரம் பட்டினி கிடந்தாலோ, பழகாத தீனியை ஒரேயடியாகத் தின்றாலோ, போதிய நீர் குடியாவிட்டாலோ அதற்குக் கடுமையான வயிற்றுவலி உண்டாகிறது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதால், இந்த வயிற்றுவலி பல வேளைகளில் உயிருக்கே உலைவைக்கிறது. குதிரை வளர்ப்போர் மற்றெந்த நோயைக் காட்டிலும் இதற்கே மிகுதியாக அஞ்சுகின்றனர்.

ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள குதிரை ஒன்று தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு, அதாவது நாளொன்றுக்கு 8 கிலோ வரையிலான உலர்தீனியை உட்கொள்கிறது. ஓய்வில் இருக்கும்போது 25 முதல் 45 லீற்றர் வரை நீர் குடிக்கும் அவ்விலங்கு, வெயிலில் உழைக்கும் நாளில் அதனைப் போல் இரு மடங்கும் குடிக்கக்கூடும். மனிதரைப் போலவே குதிரையும் உடல் முழுவதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்வதால், வியர்வையோடு வெளியேறும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. முகாம்களில் உப்புக் கட்டிகள் வைக்கப்படுவது இதனாலேயே. கால்களின் தசைநார்கள் பூட்டிக்கொள்ளும் அமைப்பால் குதிரை நின்றவாறே கண்ணயரும். எனினும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது சிறிது நேரமாவது படுத்தாக வேண்டும்; பாதுகாப்பற்றதாக உணரும் இடத்தில் அது படுப்பதில்லை. ஆகவே அன்று ஏறிவந்த குதிரை மறுநாளும் நலமாக நடக்க வேண்டுமாயின், இரவில் அது அச்சமின்றிப் படுக்கக்கூடிய நிலமும் தேவை.

முகாம் வெளியின் அமைப்பு

அமெரிக்காவின் தேசிய வனங்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் உள்ள குதிரை முகாம்களை நோக்கினால், மேற்கூறிய தேவைகள் ஒவ்வொன்றும் ஓர் ஏற்பாடாக மாறியிருப்பது புலப்படும். குதிரைகளை ஏற்றிவரும் நீண்ட இழுவை வண்டிகள் திரும்பிச் செல்ல அகன்ற வழி, கம்பி அல்லது மரச் சட்டங்களால் அடைத்த சிறு பட்டிகள், நீர்த்தொட்டி, சாணத்தைக் குவிப்பதற்கான தனியிடம் ஆகியவை பொதுவாக அங்கு அமைந்திருக்கும். பட்டி இல்லாத உட்காட்டு முகாம்களில் குதிரையை நிறுத்திவைக்க மூன்று முறைகள் கையாளப்படுகின்றன. இரண்டு மரங்களுக்கு இடையில் குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் குதிரைகளின் கழுத்துக் கயிற்றை இணைப்பது முதலாவது முறை. நிலத்தில் அறைந்த முளையில் நீண்ட கயிற்றால் கட்டி மேயவிடுவது இரண்டாவது முறை. முன்னங்கால்கள் இரண்டையும் தோல்வாரால் தளர்வாகப் பிணைத்து, குதிரை மெல்ல நடந்து மேயலாம், ஆனால் ஓடமுடியாது என்னும் அளவுக்குத் தளையிடுவது மூன்றாவது முறை.

இம்மூன்றிலும் முதலாவது முறையே பெரிதும் வலியுறுத்தப்படுகிறது. மரத்தில் நேரடியாகக் கட்டிய குதிரை குளம்பால் நிலத்தைப் பறித்து வேரை வெளிக்கொணர்ந்து, பட்டையையும் உரித்துவிடும். ஆதலால் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் அகன்ற பட்டி சுற்றப்பட்டு, கயிறு மரத்தை அறுக்காமல் காக்கப்படுகிறது. நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் தள்ளியே குதிரைகளைக் கட்டுதல், சாணத்தைப் பரப்பிவிடுதல் அல்லது எடுத்துச் செல்லுதல், களை விதைகள் கலவாத சான்றுபெற்ற வைக்கோலையே கொண்டுவருதல் ஆகியனவும் பல இடங்களில் விதிகளாக உள்ளன. குதிரையின் சாணத்தோடு வெளியேறும் விதைகள் புதிய களைகளைக் காட்டினுள் பரப்பிவிடும் என்பதே இறுதி விதியின் காரணம். இத்தகைய நெறிகளைக் குதிரையாளரிடையே பரப்பும் நோக்கில் 1973ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் உருவான உட்காட்டுக் குதிரையாளர் சங்கம், இன்று பல மாநிலங்களில் கிளைகளைக் கொண்டு, தடங்களைச் சீர்செய்யும் பணியையும் மேற்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு மிக அண்மையில் நிற்பது ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதந்தோறும் கூடும் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிய குதிரைச் சந்தையாகும். அங்கு மார்வாரி, கத்தியவாரி முதலிய இனக் குதிரைகளோடு வரும் வணிகரும் வளர்ப்போரும் திறந்த வெளியில் கொட்டகையிட்டு, முளையறைந்து, தீனியும் நீரும் சேமித்து, விழா முடியும்வரை குதிரைகளோடே தங்குகின்றனர். பொழுதுபோக்குக்காக அன்றி வாணிபத்துக்காக அமைந்தது அது. எனினும் மனிதரும் குதிரையும் பல நாள் ஒரே வெளியில் தங்குவதற்குரிய நுட்பங்கள் யாவும் அங்கு வழிவழியாக வந்த அறிவாக நிலைத்துள்ளன.

மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக் கடலை நோக்கிச் செல்லும் வழுக்கையாறும் மாரிகாலத்தில் மட்டுமே நீரோடும் வழியாகும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாக நிலத்தினுள் இறங்கித் தங்குவதால், குடாநாட்டு வாழ்வு கிணற்றையும் கேணியையும் குளத்தையும் சார்ந்தே அமைந்தது. இத்தகைய நிலத்தில் மாட்டுவண்டிலோடு நெடுந்தூரம் செல்பவருக்கு நீர் இருக்கும் இடமே தங்குமிடமாயிற்று.

இந்நிலையை உணர்ந்த முன்னோர் தெருவோரங்களில் மடங்களைக் கட்டுவதை அறமாகக் கொண்டனர். மடம் என்பது வழிப்போக்கர் கட்டணமின்றித் தங்கிச் செல்வதற்கான திண்ணையோடு கூடிய கட்டடம். அதனருகில் கிணறோ, படிகள் இறங்கும் கேணியோ வெட்டப்பட்டது. கால்நடைகள் குடிப்பதற்கு நீர்த்தொட்டி வைக்கப்பட்டது. ஆல், அரசு, வேம்பு, மருது முதலிய நிழல்மரங்கள் நாட்டப்பட்டன. மாடுகள் உடலை உரசித் தினவைத் தீர்த்துக்கொள்வதற்காக நட்டுவைத்த கல் ஆவுரோஞ்சிக் கல் எனப்படும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைத்து மீண்டும் எடுத்துச்செல்லும் உயரத்தில், இரண்டு கற்களின் மேல் மற்றொரு கல்லைக் கிடத்தி அமைத்தது சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவும் வழக்கம் தமிழரிடையே பரவலாக இருந்தது. பருத்தித்துறையில் இன்றும் காணப்படும் தெருமூடி மடம் இவ்வகைக் கட்டடங்களுள் தனித்தன்மை வாய்ந்தது. தெருவின் இருபுறமும் திண்ணைகளை அமைத்து, தெருவையே கூரையால் மூடியதனால் அது இப்பெயர் பெற்றது.

இவ்வமைப்பைக் குதிரை முகாமோடு ஒப்பிட்டால் ஒற்றுமை வெளிப்படும். நீர்த்தொட்டி, நிழல், விலங்கைக் கட்டும் வெளி, பயணி படுக்கும் திண்ணை, சுமையை இறக்கும் இடம் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் அமைந்தன. அவற்றுள் இரண்டு விலங்குக்கென்றே ஆக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது. மாட்டின் தினவுக்கும் ஒரு கல்லை நட்டுவைத்த சமூகம், பயணத்தில் விலங்கின் இடம் எது என்பதை நன்கு அறிந்திருந்தது. மருத மரத்தால் பெயர்பெற்ற மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் போன்ற தலங்களின் திருவிழாக்களுக்கு அயலூரவர் வண்டில் கட்டிக்கொண்டு வந்த காலத்தில், மரநிழலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டித் தண்ணீர் காட்டிய பின்னரே மற்றைய வேலைகள் தொடங்கும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயிலைச் சூழ்ந்துள்ள மடங்கள் அன்னதானத்தால் இன்றும் உயிர்ப்போடு விளங்குகின்றன. அங்கிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையும், நீரும் நிழலும் கிடைக்கும் கோயில்களையே இரவுத் தங்குமிடங்களாகக் கொண்டு நடைபெறுகிறது. நெடும்பாதை ஒன்றின் ஒவ்வொரு நாளையத் தொலைவையும் நீரே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

கடல் வழியே வந்த குதிரை

குதிரை தமிழ் மண்ணில் இயல்பாகப் பெருகிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலப் பாண்டியர் அரபு, பாரசீக வணிகரிடமிருந்து பெருந்தொகையான குதிரைகளை வாங்கியதை மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். அவ்வாறு வாங்கிய குதிரைகள் நீண்டகாலம் உயிர் வாழவில்லை என்றும், அவற்றைப் பேணும் முறை அங்கிருந்தோருக்குத் தெரியவில்லை என்றும் அவர் குறை கூறுகிறார். வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்தில், உலர்புல் குறைந்த சூழலில், குதிரையை வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அக்குறிப்பு உணர்த்துகிறது.

யாழ்ப்பாணத் தீவுகளிலும் குதிரை வாணிபத்தின் சுவடு கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறையில்) வந்து கூடவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்துக்கு எடுக்கப்பட்டு மீதி உடையவருக்கு விடப்படும் என்றும், ஏனைய வாணிபச் சரக்குக் கப்பல் உடைந்தாற் பாதி எடுக்கப்படும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. யானை, குதிரை வணிகருக்குக் காட்டப்பட்ட இச்சலுகை, அவ்விலங்குகள் அரசுக்கு எவ்வளவு இன்றியமையாதனவாக இருந்தன என்பதைக் காட்டுகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நெடுந்தீவில் குதிரைகளை விட்டு வளர்க்கத் தொடங்கினர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அவ்வளர்ப்பை முறைப்படுத்தினர். நெடுந்தீவையும் இரணைதீவையும் குதிரைத் தீவுகளாகவே அவர்கள் கருதினர். தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டிய அவர்கள், ஊர்காவற்றுறைத் தீவை லெய்டன் என்றும், காரைதீவை அம்ஸ்டர்டாம் என்றும், நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் அழைத்தனர். தீவைத் தேர்ந்தமைக்குக் காரணம் எளிது: நாற்புறமும் கடல் சூழ்ந்த இடத்தில் குதிரைகளுக்கு வேலி தேவையில்லை, பரந்த புல்வெளியும் உண்டு. பவளக் கற்களால் எழுப்பிய குதிரை லாயத்தின் தூண்கள் இடிபாடுகளாக இன்றும் நெடுந்தீவில் நிற்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலும் லெப்டினன்ட் நோலன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் குதிரை வளர்ப்புத் தொடர்ந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. லாயக்காரரும் நீர் இறைப்பவரும் போய்விட, குதிரைகள் மட்டும் தீவில் எஞ்சின.

காவலற்ற கூட்டம்

மனிதர் வளர்த்த விலங்கு மீண்டும் கட்டற்ற வாழ்வுக்குத் திரும்பிய நிலையையே நெடுந்தீவுக் குதிரைகளிடம் காண்கிறோம். தோற்றத்தில் காட்டு விலங்காயினும் மரபில் அவை வீட்டு விலங்குகளே. பல தலைமுறையாக வறண்ட மேய்ச்சலில் வாழ்ந்தமையால் உயரம் குறைந்த மட்டக்குதிரைகளாக அவை காணப்படுகின்றன. 2015இல் தீவின் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் பரப்புத் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. எனினும் வரட்சி கடுமையான ஆண்டுகளில் குடிநீர் கிடையாது குதிரைகள் இறந்த செய்திகள் ஊடகங்களில் வெளிவந்துள்ளன. பவளச் சுண்ணாம்புத் தரையான இத்தீவில் நன்னீர் குறைவு. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்கிறது. தீவு மக்களின் மாடுகளும் அதே நீரையும் புல்லையும் நாடுகின்றன. அயலவர் ஆட்சிக்காலக் குதிரைகளுக்கு நீர் இறைத்து ஊற்ற ஆட்கள் இருந்தனர். அவற்றின் வழித்தோன்றல்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள அசடீக் தீவாகும். அங்கும் வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்த கூட்டங்கள் கட்டற்று வாழ்கின்றன. 1965இல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்ட அத்தீவின் மேரிலாந்துப் பகுதியில், மேய்ச்சல் நிலம் தாங்கக்கூடிய எண்ணிக்கையைக் கடக்காதவாறு பெண்குதிரைகளுக்குக் கருத்தடை மருந்து செலுத்தப்பட்டு வந்துள்ளது. பார்வையாளர் குதிரைகளை நெருங்கவோ அவற்றுக்குத் தீனி கொடுக்கவோ கூடாது. அதே தீவில் தம் சொந்தக் குதிரைகளோடு வந்து தங்குவோருக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது; ஆனால் கொசுவும் கடிக்கும் ஈயும் மிகுந்த கோடையைத் தவிர்த்துக் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. வரும் குதிரைகள் பரிசோதனைச் சான்றோடு வரவேண்டும் என்பதும் விதி. கட்டற்ற கூட்டத்தையும் சவாரிக் குதிரையையும் ஒன்றோடொன்று கலவாமல் வைத்திருப்பதே இவ்விதிகள் அனைத்தின் நோக்கம்.

மானிப்பாயிலிருந்து பார்க்கையில்

சுற்றுலாவைப் பெருக்கும் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம் நெடுந்தீவுக் குதிரைகளும் அவற்றின் முதுகில் ஏறும் கற்பனையும் இணைந்தே எழுவதுண்டு. மேலே கண்ட செய்திகள் அக்கற்பனைக்கு இடமளிக்கவில்லை. மனிதக் கை படாமல் வளர்ந்த குதிரையைச் சேணத்துக்குப் பழக்குவது நீண்டகாலப் பணி. கூட்டத்திலிருந்து பிரித்துப் பிடிப்பதும் அதற்குப் பெருந்துன்பம். வெளியிலிருந்து பழகிய குதிரைகளைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுசெல்வதும் ஆபத்தானதே. தனித்து வாழும் கூட்டத்துக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத தொற்றுநோய் ஒன்று நுழைந்தால், மிருக வைத்திய வசதி குறைந்த தீவில் அதனைத் தடுத்து நிறுத்துவது அரிது. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணத்தில் தீவை அடைவோர், குறிக்கப்பட்ட நடைபாதைகளில் நடந்து, தொலைவில் நின்று கூட்டத்தைக் காண்பதே அங்கு ஏற்ற முறையாகும்.

குதிரையோடு தங்கும் முகாம் குடாநாட்டில் என்றேனும் அமையுமாயின், அது தீவுகளைத் தவிர்த்து, பழகிய சில குதிரைகளோடு சிறு அளவில் தொடங்குவதே பொருந்தும். அதற்குரிய காலமும் இயற்கையாலேயே வரையறுக்கப்படுகிறது: மாரி ஓய்ந்து குளங்களில் நீரும் வெளிகளில் புல்லும் நிற்கும் தை, மாசி மாதங்களே உகந்தவை, வைகாசி முதல் ஆவணி வரையிலான வெயிலும் வறண்ட காற்றும் குதிரையை விரைவில் களைப்படையச் செய்யும். தீனியைப் பொறுத்தவரை, குடாநாட்டு மாடுகள் பழகிய பனையோலையும் வைக்கோலும் குதிரைக்குப் போதா. நெல் வைக்கோலை மட்டும் தின்னும் குதிரை நீரும் குறைவாகக் குடித்தால், அவ்வைக்கோல் குடலில் இறுகி முன்னர்க் கூறிய வயிற்றுவலியை உண்டாக்கக்கூடும். ஆதலால் நல்ல உலர்புல்லும் அளவான கொள்ளும் முன்கூட்டியே சேமிக்கப்பட வேண்டும். தடங்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்திலிருந்து விலகியவையாகவும், போர் நடந்த பகுதிகளாயின் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்டவையாகவும் இருத்தல் வேண்டும். தங்குமிடங்களுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. கைவிடப்பட்ட மடங்களின் கேணிகளைத் தூர்வாரி, நீர்த்தொட்டிகளைச் சீர்செய்தால், சவாரி வந்தாலும் வராவிட்டாலும் ஊர்க் கால்நடைகளுக்கும் பாதயாத்திரிகருக்கும் அவை பயன்படும்.

இம்முயற்சிகளுள் எதற்கு முதலிடம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நெடுந்தீவில் வரட்சிக்கால நீர்த்தொட்டிகளும், அவற்றை நிரப்புவதற்கு ஒழுங்கான பொறுப்பும், ஆண்டுதோறும் கூட்டத்தைப் பரிசோதிக்கும் மிருக வைத்தியரும் அமையும்வரை, குதிரையைக் காட்டி வருவாய் தேடும் எந்தத் திட்டமும் கடனை அடைக்காமல் மேலும் கடன் வாங்குவதாகவே முடியும். வழிப்போக்கரின் மாட்டுக்காகத் தொட்டியில் நீர் நிரப்பி வைத்த குடாநாட்டுக்கு, அக்கடமையைக் குதிரைக்கும் நீட்டிப்பது புதிதாகக் கற்கவேண்டிய பாடமன்று. பிரதேச சபைகளும் கோயில் அறங்காவலரும் வனசீவராசிகள் திணைக்களமும் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், அடுத்த வரட்சிக்கு முன்பே தொடங்கக்கூடிய வேலையே அது.